வேலிக்கம்புகளின் உயரம்

ரப்பரை அவரிடம் கேட்டு வாங்கினேனா, நானே எடுத்துக்கொண்டேனா என்று சரியாக நினைவில்லை. எடுத்துக்கொண்டேன் என்றுதான் தோன்றுகிறது. வகுப்பில் அது என் வழக்கம். வாட்டர்கலரில் வண்ணம் விழுந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. பென்சிலிலேயே பிடித்துவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்வேன். ஓய்வு பெற்ற பின் படம் வரையக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இருந்தாலும் என்னை 'சார்' என்பார்.

சின்ன வயதில் பார்த்த ஒரு வெட்டவெளியை நினைவிலிருந்து வரைந்திருந்தார். தாளை இரண்டாகப் பிளந்ததுபோல் நட்டநடுவே தொடுவானம். மரமும் நடுவில். அதன் கிளை நுனி தூரத்து மலையின் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அப்படி நின்றால் மரமும் மலையும் ஒட்டிக்கொள்ளும், இடையில் இருக்கும் தூரம் செத்துப்போகும். ஒன்று, கிளை விலக வேண்டும், இல்லையென்றால் மலையைத் தாராளமாக மறைக்க வேண்டும். காலடிப் புல்லுக்கும் கடைசி மலைக்கும் ஒரே பென்சில், ஒரே அழுத்தம்.

இதையெல்லாம் திருத்தியதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. தாளின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போட்டு, வெவ்வேறு அமைப்புகளைக் காட்டினேன். தொடுவானத்தைக் கீழே இறக்கி, நிலத்துக்கு ஒரு பங்கு, வானத்துக்கு இரண்டு பங்கு. இந்த மூன்றில் ஒரு பங்கு விதிக்குப் பெயர் வைத்து 1797இல் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். நான் அதை வேதம்போல் ஓதிக்கொண்டிருக்கிறேன். மரத்தை ஒதுக்கி, வேலியின் ஒரு பகுதியை அது மறைக்கும்படி வைத்தேன். முன்புலத்துக்குக் கருமையாக விழும் 6பி பென்சில், மலைக்கு வெளிறலான ஹெச்பி, அதுவும் பட்டும் படாமல். தூரம் போகப் போகக் காற்றில் சிதறும் ஒளி குறுக்கே படிந்து, கருமை வெளிறும், ஓரங்கள் மழுங்கும். அதைப் பென்சிலிலேயே முடிவு செய்துவிட்டால் வண்ணம் போடும்போது பாதி வேலை மிச்சம்.

அப்புறம்தான் வேலிக்கு வந்தேன். கம்புகளின் தலைகள் எல்லாம் தொடுவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"வேலி அவ்வளவு உயரமா ஐயா?"

"இல்லை சார், சாதாரண வேலிதான். ஆனா இப்படித்தான் இருந்துச்சு."

"நினைவிலிருந்து போடும்போது அளவு தப்புறது சகஜம்தான்."

"சரி சார்."

அந்த 'சரி சார்'தான் அடிக்கடி காதில் விழுகிறது. குரலில் வருத்தம் எதுவும் இருந்ததாக அப்போது படவில்லை. இப்போது இருந்ததுபோல் படுகிறது. அது அவருடைய வருத்தமா, நான் பின்னால் சேர்த்ததா, தெரியவில்லை.

சமதரையில் தொடுவானம் என்பது பார்ப்பவரின் கண் உயரம். மார்பளவு வேலி என்றால், நின்று பார்க்கும் ஆளுக்குப் பக்கத்துக் கம்பானாலும் சரி, கோடியில் இருக்கும் கம்பானாலும் சரி, தலை அந்தக் கோட்டைத் தாண்டாது. இதைச் சொல்லித்தான் அழித்தேன். மறுவாரம் இதே பாடத்தை இன்னொருவருக்கு விளக்கத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். எதிரே வரிசையாக நின்ற நாற்காலிகளின் முதுகுகள் கண் மட்டத்துக்கு மேலே எழுந்தன. வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அவருடைய வேலி நினைவுக்கு வந்துவிட்டது.

சின்ன வயதில் பார்த்தது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தாரே.

முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அந்த ஸ்கெட்சைப் போனில் படமெடுத்திருந்தேன். பெரிதாக்கி அளந்து பார்த்தேன். முதல் மூன்று கம்புகளும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கோட்டுக்கு மேலே. வேலி நான்கடி என்றால் கண் மூன்றடியில் இருந்திருக்கிறது. நான்கைந்து வயதுப் பிள்ளையின் கண். தாளில் தொடுவானத்தை நான் இறக்கினேனே தவிர, பார்க்கும் கண்ணைத் தூக்கிப் பெரியவர் உயரத்தில் வைத்துவிட்டேன்.

ஆனால் நான்காவது கம்பில் இந்தக் கணக்கு இடித்தது. அதோடு, மரத்தின் நிழல் இடப்பக்கம் விழ, வேலியின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. நிழலில் கோட்டைவிட்ட கை கம்பில் மட்டும் கவனமாக இருந்திருக்குமா? குறையைக் குறை என்று சொல்லத்தானே அவர் வகுப்புக்கு வருகிறார்? தற்செயலாக அமைந்த மூன்று கம்புகளை வைத்து நான் கதை கட்டிக்கொள்கிறேனோ என்னவோ. இப்படி நினைத்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. "எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மற்ற எல்லாவற்றையும் கேட்காமலே திருத்தியது தப்பில்லை என்றுதான் இன்னமும் சொல்வேன்.

அன்றைக்கே வண்ணமும் போட்டார். தாளை நனைத்து, வெளிர்நீல வாஷை, அதாவது நீர்த்த வண்ணத்தை, மேலிருந்து கீழே இழுத்தார். அவருடைய பென்சில் பள்ளம் விழுந்த இடமெல்லாம் நீலம் தேங்கியது. நான் ரப்பரால் தேய்த்ததில் தாளின் மேல்பூச்சு போயிருந்த இடங்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குடித்தன. வானத்தின் நடுவே கம்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, பழைய உயரத்தில்.

"இது போகாதா சார்?"

"காய்ந்தால் தெரியாது," என்றேன். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும் என்பது உண்மை. இந்த மாதிரிக் கோடு போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் இன்னும் வருகிறார். நான் இன்னும் கேட்கவில்லை. போன வாரம் புதிதாக ஒரு ஸ்கெட்ச் கொண்டுவந்தார். ஓரத்தில் மூன்று கட்டங்கள், மலை மங்கலாக, மரம் ஒதுங்கி. வேலி இதிலும் உண்டு. கம்புகளின் தலைகள் எல்லாம் தொடுவானத்துக்கு ஒரு நூல் கீழே.

"இப்போ சரியா இருக்கா சார்?"

சரியாக இருந்தது. இருக்கிறது என்றேன்.