நரம்பு சுருட்டலும் மாத்திரை டப்பாவும்

பின்னங்காலில் நீலமாகப் புடைத்து, மண்புழு நெளிந்த மாதிரி ஓடுவதற்கு நம் ஊரில் நரம்பு சுருட்டல் என்று பேர். பாதிச் சிக்கல் அந்தப் பேரிலேயே இருக்கிறது. நமக்கு ரத்தக் குழாயும் நரம்புதான், வலியைக் கடத்துவதும் நரம்புதான். மருந்துக்கடையில் "நரம்புக்கு ஏதாவது குடுங்க" என்று நின்றால் மெகோபாலமின் என்கிற பி12 மாத்திரையோ பி காம்ப்ளெக்ஸோ கைக்கு வரும். சுருண்டு கிடப்பதோ சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பி12-க்கு அங்கே வேலையே இல்லை.

சிரைக்குள் வரிசையாகச் சின்ன வால்வுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை அமுக்க, ரத்தம் மேலே ஏறும். கீழே இறங்கப் பார்த்தால் வால்வு மூடிக்கொள்ளும். அது சரியாக மூடாவிட்டால் ரத்தம் தேங்கி, அழுத்தம் கூடி, குழாய் விரிந்து நெளிகிறது. விரிந்த குழாயைப் பழையபடி சுருக்கும் மாத்திரையோ கீரையோ லேகியமோ இன்றுவரை இல்லை. இருக்கிற மாத்திரைகள் செய்வது இரண்டாம் கட்ட வேலை: அழுத்தத்தால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் சாயங்கால வீக்கம், கனம், உளைச்சல் தணியலாம். ஆனால் புடைத்த முடிச்சு அப்படியேதான் இருக்கும்.

மருத்துவர்கள் அதிகம் எழுதுவது டையோஸ்மின் 450 மில்லிகிராமும் ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராமும் சேர்ந்த 500 மாத்திரை. நாளைக்கு இரண்டு, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்கு வயிறு புரட்டும், பேதியாகும். அட்டையில் 'மைக்ரனைஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். பொடி நுண்ணியதாக இருந்தால்தான் குடல் நன்றாக உறிஞ்சும். இதே மாத்திரைதான் மூலத்துக்கும். ஆனால் மூலம் முற்றி வலிக்கும்போது முதல் 4 நாள் தினம் 6 என்று எழுதுவார்கள். வீட்டில் யாருக்கோ எழுதிய அந்தச் சீட்டைப் பார்த்துக் காலுக்கும் ஆறு போடக் கூடாது.

அடுத்தது ஹார்ஸ் செஸ்நட், ஐரோப்பிய மரம் ஒன்றின் விதைச்சாறு. மூலிகைகளில் ஓரளவு உருப்படியான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. 1996-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 240 பேரை 12 வாரம் பார்த்தார்கள். கால் வீக்கம் குறைவதில் இது, காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறைக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. 2012-ல் 17 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் குழுவும் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு), குறுகிய காலத்துக்கு வலியும் வீக்கமும் அரிப்பும் குறைகின்றன என்றது. ஆய்வுகளில் கொடுத்த அளவு வேளைக்கு 50 மில்லிகிராம் ஏசின் (அந்த விதையில் வேலை செய்யும் சத்து), நாளைக்கு இரு வேளை.

ஏமாறுவது இங்கேதான். டப்பாவின் முன்பக்கம் '500 மி.கி.' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது சாறா, வெறும் விதைப்பொடியா? திருப்பிப் பாருங்கள். '20% ஏசின்' என்று இருந்தால் 250 மில்லிகிராம் சாற்றில் 50 கிடைத்துவிடும். சதவீதமே போடாத டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். பச்சை விதையும் பதப்படுத்தாத பொடியும் நஞ்சு. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டுகிறவர்களுக்கும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் இது வேண்டாம்.

வல்லாரையை எல்லோரும் கேட்கிறார்கள். அதில் வேலை செய்யும் சத்தான ட்ரைடெர்பீனைப் பிரித்தெடுத்த சாற்றை நாளைக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு, எல்லாம் சிறியவை. கீரையில் அந்தச் சத்து மண்ணுக்கு மண் மாறும். எத்தனை கட்டு துவையல் அரைத்தால் அந்தக் கணக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீரையாகத் தாராளமாகச் சாப்பிடலாம். கேப்ஸ்யூலாக மாதக்கணக்கில் விழுங்குவதென்றால் கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டு போங்கள். அரிதாக மஞ்சள்காமாலை வந்திருக்கிறது.

வார்ஃபரின், அசிட்ரோம், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறவர்கள் மேலே சொன்ன சாறுகளையும், ஜிங்கோ, பூண்டு, மஞ்சள் கேப்ஸ்யூல்களையும் கேட்காமல் தொட வேண்டாம். ரசத்தில் போடும் பூண்டைச் சொல்லவில்லை. கெட்ட சிரையை மூடும் லேசர் சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று என்றால், விழுங்குகிற எல்லாவற்றின் பட்டியலையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது மலச்சிக்கலும் உப்பும் எடையும். முக்கினால் வயிற்றழுத்தம் ஏறி, காலிலிருந்து வரும் ரத்தம் தடைபடும். அவரை, கொத்தவரை, தோலோடு பயறு, கொய்யா, போதுமான தண்ணீர் இருந்தால் எந்தச் சூரணமும் தேவைப்படாது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதைத் தையல் டேப்பிடம் கேளுங்கள். உள் கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே பேனாவால் புள்ளி வைத்து, சாயங்காலம் ஒரே நேரத்தில், தோலை அமுக்காமல் இரண்டு காலையும் அளந்து எழுதுங்கள். மாத்திரைக்கு முன் ஒரு வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை. புள்ளி இரண்டு சென்டிமீட்டர் தள்ளினாலே அளவு பொய் சொல்லும். 8 முதல் 12 வாரத்தில் டேப்பிலும் மாற்றமில்லை, உளைச்சலும் குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் சிரைமேல் பழி போடும் முன் பிரஷர் மாத்திரை அம்லோடிபினா என்று பாருங்கள். அதுவே காலை வீங்க வைக்கும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறிலும் வீங்கும்.

மாத்திரைக்குச் செலவழிக்கும் முன், சிரையில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டூப்ளெக்ஸ் டாப்ளர் ஸ்கேனும், அளவெடுத்து வாங்கிய அழுத்தக் காலுறையும் வரட்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும். வீங்கிய பிறகு மாட்டினால் ஏறாது, ஏறினாலும் மடிந்து இறுக்கும். சர்க்கரை நோயாளிகளும் பாதத்தில் நாடி சரியாகக் கிடைக்காதவர்களும் மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது; பல கடைகளில் அந்த ஸ்டூலைத்தான் இன்னும் காணோம்.

ஆப்பிள் சைடர் வினிகரைத் துணியில் நனைத்துக் கட்டினால் ஏற்கெனவே மெலிந்த தோல் வெந்துபோகும். புடைத்த முடிச்சை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; கூடவே மூச்சுத் திணறினால் 108. முடிச்சு உடைந்து ரத்தம் பீய்ச்சினால் உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்திலேயே விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். மேலே கயிறு கட்டாதீர்கள். நிற்கவில்லை என்றால் அழுத்தியபடியே கிளம்புங்கள்.