சித்திரை வெயிலில் குளிர்ந்த குழந்தை

சென்ற ஆண்டு சித்திரையில், தார்ச்சாலை உருகிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், என் தங்கைக்கு 34 வாரத்திலேயே 1.8 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மணிநேரத்துக்குள் அதன் உடல்வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிட்டதாகச் செவிலியர் சொன்னபோது, "இந்த வேக்காட்டிலா?" என்று அம்மா நம்பாமல் கேட்டார். தாழ்வெப்பநிலை என்பது பனிமலையில் வழிதவறியவர்களுக்கு நேர்வது என்றே நானும் அதுவரை எண்ணியிருந்தேன்.

பெரியவர்களுக்கு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அந்தப் பெயர், பச்சிளங்குழந்தைக்கோ 36.5க்குக் குறைந்தாலே கவனிக்க வேண்டும், 32க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பனிக்குட நீரில் நனைந்தபடி வெளிவரும் குழந்தையின் தோலிலிருந்து ஈரம் ஆவியாகும்போது உடற்சூட்டையும் எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள அதற்கு இயலாது. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்தே சமாளிக்க வேண்டும், குறைமாதக் குழந்தையிடம் அதுவும் போதிய அளவு சேர்ந்திருக்காது. அப்படி எரிப்பதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாவதால், இரத்தச் சர்க்கரை இறங்கி, மூச்சும் சீர்குலையக்கூடும். கொடுமை என்னவென்றால், குளிர்ந்த குழந்தை பெரும்பாலும் வீறிட்டு அழாது. பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும், நாமோ சமர்த்தாகத் தூங்குகிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம்.

பிரசவ அறை குறைந்தது 25 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்கு வியர்க்கிறதென்று வார்டில் ஏசியைக் கூட்டி வைத்தது நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செவிலியர் ஏசியை அணைத்துவிட்டு, குல்லாயும் டயப்பரும் மட்டும் அணிந்த குழந்தையைத் தங்கையின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்தி, மேலே துணியால் சுற்றிக் கட்டினார். இன்குபேட்டர்கள் போதாத நிலையில் கொலம்பியாவின் போகோட்டாவில் 1978இல் தொடங்கிய இந்தக் கங்காரு முறையை, குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே தொடங்கும்படி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டு மணிநேரத்தில் வெப்பமானி 36.7 காட்டியது.

மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டியே தீருவேன் என்று நின்ற அம்மாவை, எடை ஏறட்டும் என்று சொல்லித் தடுக்கத்தான் நெடுநேரம் பிடித்தது. வயிறு சூடாக இருக்கும்போதே பாதம் சில்லிட்டால் அது முதல் அறிகுறி என்று செவிலியர் கற்றுக்கொடுத்த பிறகு, அம்மா நாள் முழுவதும் புறங்கையால் அந்தச் சிறு பாதங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.