பட்டி பார்க்க வீட்டுக்கே வந்தவர்

லண்டன் வெம்பிளியின் ஈலிங் ரோட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு காரைப் பின்னால் எடுத்தேன். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் நின்ற குட்டையான மஞ்சள் கம்பம் கண்ணாடியில் தெரியவில்லை. சென்சார் கத்தத்தான் செய்தது. பின் சீட்டில் மகளும் கத்திக்கொண்டிருந்ததால் நான் மகளைக் கவனித்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால், பம்பரின் வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தது. அதன் நடுவே கறுப்புப் பிளாஸ்டிக் பல்லிளித்தது.

"பம்பர் இருப்பதே இடிபடத்தானே, அதற்கா இவ்வளவு கவலை?" என்றார் கோவையிலிருந்து அம்மா. அப்பாவின் அம்பாசடருக்கு அது சரி. அந்த இரும்புப் பம்பர் இடித்திருந்தால் கம்பம்தான் வளைந்திருக்கும்.

இன்சூரன்ஸில் கேட்டால், முதல் 450 பவுண்டு என் கையிலிருந்து போக வேண்டும். கிளெய்ம் இல்லாமல் சேர்த்த மூன்று வருடத் தள்ளுபடியும் அடிவாங்கும். வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். 190 பவுண்டு என்று பதில் வந்தது. "150க்கு முடியாதா?" என்று கேட்டது வெறும் பழக்க தோஷம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, விலையைக் குறைக்கவும் இல்லை. கிளெய்ம் வேண்டாம் என்றாலும் இடித்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருந்ததால், இன்சூரன்ஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

முதலில் குறித்த நாளில் மழை. அடுத்த சனிக்கிழமை வேன் வந்து நின்றபோது, பின்னாலிருந்து யாராவது இறங்குவார்கள் என்று பார்த்தேன். யாரும் இல்லை. கோவையில் டிங்கரிங் பட்டறை என்றால் பட்டி பூச ஒருவர், உப்புத்தாள் தேய்க்க ஒருவர், பெயிண்ட் அடிக்க ஒரு மேஸ்திரி, டீ வாங்கிவர ஒரு பையன் என்று ஒரு கூட்டமே இருக்கும். இங்கே எல்லாம் ஒரே ஆள். டீ போடும் வேலை மட்டும் எனக்கு வந்தது.

அவர் முதலில் துணியில் கரைப்பானைத் தோய்த்துத் துடைத்தார். மஞ்சள் முழுவதும் போய்விட்டது. அது கம்பத்தின் பெயிண்டாம். பாதிக் காயம் மறைந்ததும் 150 பவுண்டு ஆசை எனக்கு மறுபடி எட்டிப்பார்த்தது. ஆனால் அவர் விலை சொன்னதே மிச்சமிருந்த பாதிக்குத்தான். வெப்பக் காற்றைக் காட்டிச் சிறு பள்ளத்தை உள்ளிருந்து விரலால் அழுத்தினார். பிளாஸ்டிக் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. ஆழமான கீறல்களில் பட்டி பூசித் தேய்த்தார். பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதில் பெயிண்ட் தானாக ஒட்டாது. அதற்கென்று உள்ள பிரைமரை அடிக்காவிட்டால் சில மாதங்களில் தோல் உரிவதுபோல உரிந்துவிடும் என்றார். சென்சார்களைக் கழற்றி வைத்தார். அவற்றின் மேல் பெயிண்ட் தடித்தால் காரணமில்லாமல் கத்துமாம். எங்கள் வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அதிக நேரம் பிடித்தது நிறத்துக்குத்தான். கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரில் இருந்த எண்ணை வைத்துக் கலந்த பெயிண்டைச் சிறு அட்டைகளில் அடித்து, காரின் மேல் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெள்ளி நிறத்தில் உலோகத் துகள்கள் இருக்கின்றன. ஈரமாக அடித்தால் கறுக்கும், உலர அடித்தால் வெளுக்கும். ஐந்து வருட வெயில் வேறு நிறத்தை மாற்றியிருந்தது. லண்டனில் வெயிலா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாவது அட்டை அவருக்குப் பிடித்திருந்தது. பழைய பெயிண்டுக்கும் புதியதற்கும் எல்லை தெரியாதபடி ஓரத்தை மெல்லக் கரைத்தார். மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு, அப்புறம் அதை உலர்த்த அகச்சிவப்பு விளக்கு. விளக்கு நெருங்கினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும் என்பதால் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. நான் கொடுத்த டீ ஆறிப்போனது.

ஒரு வாரம் கழுவ வேண்டாம், ஒரு மாதம் மெழுகு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். காரைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பத்தைப் போய்ப் பார்த்தேன். சிவப்பு, நீலம், கறுப்பு என்று பலருடைய கோடுகளுக்கு நடுவில் என் வெள்ளிக் கோடு புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது.