சப்ளையர் பக்கத்துல இருந்து: மார்ச் மாச குறிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

நாங்க பார்ட்ஸ் சப்ளை பண்ற கார் கம்பெனியில இருந்து வருஷா வருஷம் வர்ற மெயில் வந்தாச்சு. இந்த வருஷ பிரைஸ் டவுன் 3 சதவீதம், ஏப்ரல் ஒண்ணாம் தேதியில இருந்து அமல், கன்ஃபர்ம் பண்ணி அனுப்புங்க. பேசலாமா எப்படின்னு கூட ஒரு வார்த்தை இல்ல. இந்தத் தொழில்ல இல்லாதவங்களுக்காக சொல்றேன், கார் கம்பெனி ஒரு பார்ட்டுக்கு ஆர்டர் குடுக்கும்போதே அடுத்த மூணு நாலு வருஷத்துக்கு விலை எவ்வளவு குறையும்னு எழுதி வாங்கிடுவாங்க, செய்யச் செய்ய உனக்கு கை பழகும், கழிவு குறையும், அந்த லாபத்துல எங்களுக்கும் பங்கு வேணும்ங்கிறது அவங்க கணக்கு. முதல் வருஷம் அது நியாயம்தான், ரெண்டாவது வருஷமும் சரின்னு வச்சுக்கலாம். நாலாவது வருஷம் எங்க போய் குறைக்கிறது? ஸ்டீல் விலை ஏறினா மார்க்கெட் விலை இண்டெக்ஸ் பாத்து சேர்த்துத் தருவாங்க, அதையும் மூணு மாசம் கழிச்சுதான். கரண்டும் சம்பளமும் ஏறினா அது உங்க பிரச்சனைங்க.

இந்த மாதிரி கசக்குறதுக்கு ஒரு முன்னோடி இருக்கார். 1992-ல ஜெனரல் மோட்டார்ஸோட (ஜிஎம்) பர்ச்சேஸ் மொத்தத்துக்கும் தலைவரா வந்த லோபெஸ். இருந்த காண்ட்ராக்டை எல்லாம் ஓரமா வச்சுட்டு எல்லாரும் மறுபடி கோட் பண்ணுங்கன்னுட்டார். ஜிஎம்முக்கு காசு மிச்சமாச்சு, உண்மைதான். ஆனா அதுக்கப்புறம் ஒரு புது டெக்னாலஜி கையில இருந்தா அதை எந்த சப்ளையர் முதல்ல ஜிஎம்கிட்ட கொண்டுபோய் காட்டுவான்? டிராயிங்கை குடுத்தா அதையே எடுத்துட்டுப் போய் பக்கத்து ஆள்கிட்ட விலை கேப்பாங்கன்னு தெரிஞ்ச பிறகு? 1993-ல அவர் ஃபோக்ஸ்வாகனுக்கு தாவினார், எங்க ரகசியத்தை தூக்கிட்டுப் போயிட்டார்னு ஜிஎம் வழக்கு போட்டுச்சு, 1997-ல ஃபோக்ஸ்வாகன் 10 கோடி டாலர் குடுத்து, ஜிஎம்கிட்ட இருந்து 100 கோடி டாலருக்கு பார்ட்ஸ் வாங்குறோம்னும் ஒத்துக்கிட்டு முடிச்சாங்க. சண்டை போட்ட ரெண்டு கம்பெனியில ஒண்ணு இன்னொண்ணுக்கு சப்ளையர் ஆனதுதான் இதுல எனக்குப் பிடிச்ச இடம்.

மார்ச் 6, வியாழன்

இன்னைக்கு சப்ளை ஷெட்யூல் மறுபடி மாறுச்சு. காலையில கூட்டு, மதியம் குறை. வேற எழுத ஒண்ணுமில்ல.

மார்ச் 11, செவ்வாய்

பிரைஸ் டவுனுக்கு பதில் எழுத உட்கார்ந்து பழைய ஃபைலை எல்லாம் எடுத்துப் பாத்தேன். என்னைக் கேட்டா விலை ரெண்டாவது பிரச்சனைதான், முதல் பிரச்சனை வால்யூம்.

எப்படின்னா, கோட்டேஷன் கேக்கும்போது வருஷத்துக்கு இவ்வளவு வண்டி ஓடும்னு ஒரு நம்பர் தருவாங்க. அந்த நம்பரை வச்சு நாம மெஷின் வாங்குவோம், ஆள் எடுப்போம், அந்த பார்ட்டுக்குன்னே அச்சு மாதிரி டூல் செய்வோம். டூல் காசை மொத்தமா தராம பீஸ் விலையில கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக்கோங்கம்பாங்க, அந்த டூல் அவங்க சொத்துன்னு அதுலயே ஸ்டிக்கர் வேற ஒட்டச் சொல்வாங்க. அப்புறம் வண்டி விக்கல. சொன்னதுல பாதி கூட ஓடல. டூல் காசு பாதி உள்ள வந்த நிலையில மாடலையே நிறுத்திடுவாங்க. பிஓவை, அதாவது பர்ச்சேஸ் ஆர்டரை, எடுத்துப் பாத்தா விலை இருக்கும், பார்ட் நம்பர் இருக்கும், அபராதம் எப்படி எப்படி போடலாம்னு பக்கம் பக்கமா இருக்கும், எத்தனை பீஸ் எடுப்பாங்கங்கிறது மட்டும் இருக்காது. வீடு கட்டு, நான் வாடகைக்கு வருவேன், ஆனா எத்தனை மாசம்னு இப்ப கேக்காதேன்னு சொல்ற மாதிரி.

ஆனா இதே ஓட்டை அவங்களையும் கடிக்கும். 2023 ஜூலையில அமெரிக்காவுல மிச்சிகன் மாகாண உச்ச நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு வந்துச்சு. எம்எஸ்எஸ்சின்னு ஒரு சஸ்பென்ஷன் பார்ட்ஸ் கம்பெனி, அதுக்கு ரப்பர் பார்ட் குடுத்தது ஏர்பாஸ். இந்த விலைக்கு கட்டுப்படியாகல, ஏத்திக் குடுத்தாதான் தொடர்ந்து தருவோம்னு ஏர்பாஸ் நின்னுச்சு, எம்எஸ்எஸ்சி கோர்ட்டுக்குப் போச்சு. நீ எத்தனை வேணும்னு எழுதவே இல்லையே, வெறும் பிளாங்கெட் பிஓவை வச்சு அவனை காலம் முழுக்க கட்டிப்போட முடியாது, இப்ப இவ்வளவு அனுப்புன்னு வர்ற ஒவ்வொரு ரிலீஸும் தனி காண்ட்ராக்ட், பிடிக்கலன்னா அடுத்ததை அவன் மறுக்கலாம்னு கோர்ட் சொல்லிடுச்சு. எண்ணிக்கையை எழுதாம விட்டது யாருக்கு லாபம்னு நினைச்சாங்களோ அவங்களுக்கே வினையா முடிஞ்சது.

மார்ச் 13, வியாழன்

கூட வேலை பாக்குறவர்கிட்ட இதைப் பேசினா, "அப்ப சப்ளையை நிறுத்திப் பாப்போமா சார்?"ங்கிறார் சிரிச்சுக்கிட்டே. நிறுத்திப் பாத்தவங்க இருக்காங்க. 2016 ஆகஸ்ட்ல பிரிவென்ட்னு ஒரு பார்ட்ஸ் குரூப்போட ரெண்டு கம்பெனி, ஒண்ணு சீட் கவர், இன்னொண்ணு கியர்பாக்ஸ் பார்ட், ஃபோக்ஸ்வாகனுக்கு சப்ளையை நிறுத்திட்டாங்க. ஒரு ஆர்டரை கேன்சல் பண்ணதுக்கு நஷ்டஈடு கேட்டுதான் சண்டையே. ஜெர்மனியில வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில கோல்ஃப் கார் செய்ற லைன் நின்னுச்சு, பல ஆலையிலயும் சேர்த்து கிட்டத்தட்ட 28,000 தொழிலாளிங்களுக்கு வேலை பாதிப்பு. அவ்வளவு பெரிய கம்பெனி விடிய விடிய உட்கார்ந்து பேசி முடிச்சாங்க. ஜெயிச்சாச்சுன்னு பாத்தா, ரெண்டே வருஷத்துல, 2018-ல ஃபோக்ஸ்வாகன் வேற ஆளை தயார் பண்ணிட்டு பிரிவென்ட் காண்ட்ராக்டை எல்லாம் முறிச்சுடுச்சு. லைனை நிறுத்துறது ஒரே ஒரு தடவை சுடுற துப்பாக்கி.

இதுக்கு நேர் எதிர் கதை 1997 பிப்ரவரி 1. ஜப்பான்ல டொயோட்டாவுக்கு பார்ட்ஸ் செய்ற ஐசினோட கரியா ஆலையில தீ. பிரேக்குல போற பி-வால்வு, கைக்குள்ள அடங்குற சாமான், டொயோட்டாவுக்கு வேண்டியது ஏறக்குறைய மொத்தமும் அந்த ஒரு ஆலையில இருந்துதான். கையில ஸ்டாக் கொஞ்சம்தான், வேணுங்கிற நேரத்துக்கு மட்டும் சரக்கு வரவைக்கிற ஜஸ்ட் இன் டைம் ஆச்சே, ஜப்பான்ல இருந்த டொயோட்டா லைன் ஏறக்குறைய எல்லாமே வரிசையா நின்னுச்சு. அப்ப ஐசின் டிராயிங்கை எல்லாருக்கும் குடுத்துடுச்சு, மத்த சப்ளையர்ஸ், தையல் மெஷின் செய்ற பிரதர் உட்பட, இருக்கிற மெஷினை வச்சு வால்வு செய்ய ஆரம்பிச்சாங்க, விலை என்ன, யார் காசு தருவாங்கன்னு பேசாமலே. ஒரு வாரத்துக்குள்ள லைன் ஓடத் தொடங்கிடுச்சு. காசைப் பத்தி பேசாம வேலையில இறங்கினாங்கன்னா, கடைசியில டொயோட்டா நம்மள கைவிடாதுன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. எங்க கஸ்டமருக்கு அப்படி ஒரு தீ விபத்து வந்தா நான் முதல்ல பிஓ கேப்பேன், எழுத்துல.

ஜப்பான்ல எல்லாரும் புனிதர்னும் சொல்ல வரல. 1999-ல நிஸான் கம்பெனி கார்லோஸ் கோஸ்ன்ங்கிற நிர்வாகி கையில வந்தப்ப சப்ளையர் எண்ணிக்கையை 1,145-ல இருந்து 600-க்கு கொண்டுவரணும், மூணு வருஷத்துல வாங்குற செலவை 20 சதவீதம் குறைக்கணும்னு அறிவிச்சாங்க. அதே நிஸான்தான் 36 சப் காண்ட்ராக்டருங்களுக்கு தர வேண்டியதுல 300 கோடி யென்னுக்கு மேல பிடிச்சுக்கிச்சுன்னு 2024 மார்ச்ல அந்த நாட்டு வணிக ஆணையம் கண்டிச்சது.

மார்ச் 19, புதன்

கஸ்டமரோட குவாலிட்டி இன்ஜினியர் ஆடிட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். வெல்டிங் ஃபிக்ஸ்சர்ல ஒரு கிளாம்ப் இடத்தை மாத்தச் சொன்னார், சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸ் முடிய ஆகுற நேரம், நிஜமாவே குறையுது. இவர் ஷாப்ல நின்னு குறைச்சுக் காட்டுறார், பர்ச்சேஸ்ல அவர் எக்ஸெல்ல குறைச்சுக் காட்டுறார், ஒரே கம்பெனியில இருந்து வர்ற ரெண்டு பேர்னு நம்பவே முடியல. பர்ச்சேஸ் ஆளையும் ரொம்ப திட்ட முடியாது, அவருக்கு மேல அவருக்கொரு டார்கெட், ரெண்டு வருஷத்துல வேற சீட்டுக்குப் போயிடுவார், மிச்சப்படுத்தினது அவர் பேர்ல, பின்னாடி வர்ற ரிஜெக்‌ஷன் வேற யாரோ பேர்ல.

மார்ச் 28, வெள்ளி

மீட்டிங் முடிஞ்சது. 3 கேட்டாங்க, ஒன்றரையில நின்னுச்சு, அதுலயும் ஒரு பங்கு அந்த கிளாம்ப் மாத்தினதுல வர்ற மிச்சம். நான் பிடிச்ச பிடி வேற. வால்யூம் சொன்னதுல 80 சதவீதத்துக்குக் கீழ போனா டூல் பாக்கியை தனியா செட்டில் பண்ணணும்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பர்ச்சேஸ் ஆள் ரொம்ப நேரம் லேப்டாப்பையே பாத்துட்டு, லீகல்ல கேட்டு சொல்றேன்னார். லீகல்னா கிணத்துல போட்ட கல்லுன்னு இத்தனை வருஷத்துல தெரியாதா என்ன.

சாயங்காலமே அதே ஆள்கிட்ட இருந்து புது எலெக்ட்ரிக் மாடலுக்கு பேட்டரி டிரே பிராக்கெட், கோட் பண்ணுங்கன்னு மெயில். வால்யூம் நம்பர் வழக்கம் போல அழகா இருக்கு. கோட் பண்ணத்தான் போறோம், பண்ணலன்னா பக்கத்துல ஆள் ரெடி. ஆனா இந்த தடவை டூல் காசை பீஸ் விலையில போடப்போறதில்ல, தனி லைனா முன்பணமா போட்டு திங்கக்கிழமை அனுப்பிடணும்.