உப்புப் பாக்கெட்டின் பின்பக்கம்

கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறைப் பொறுப்பு எனக்கு. மொத்தம் 42 பேர். அதில் 11 பேருக்கு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தனி மெனு. கிரைண்டருக்கு மேலே ஒட்டியிருக்கும் அந்தச் சார்ட், எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பாதி எழுத்து மங்கிவிட்டது.

சர்க்கரைக்காரர்கள் தட்டு எனக்குச் சுலபம். சோற்றை அளந்து வைத்துக் காயைக் கூட்டினால் தீர்ந்தது. (ராகிக் கஞ்சி சர்க்கரைக்கு நல்லது என்று மூன்று டம்ளர் கேட்பவர்களோடு நடக்கும் சண்டை தனிக் கதை.)

விழுங்கச் சிரமப்படும் பாட்டிக்கு எல்லாம் அரைத்துத்தான். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். ஒட்டவும் கூடாது, வடியவும் கூடாது. ரசஞ்சோறு ஆகவே ஆகாது. ரசம் முந்திக்கொண்டு ஓடும், பருக்கை தங்கிவிடும், புரையேறும். சோறு, பருப்பு, பூசணி மூன்றையும் தனித்தனியாக அரைத்துக் குவியலாக வைப்பேன். "ஏன் அம்மிணி, சிமெண்டு குழைச்சு வெச்சிருக்கறே?" என்பார். ஆனாலும் மஞ்சள் பூசணிக் குவியல்தான் முதலில் காலியாகும்.

கிட்னிக்காரத் தாத்தா தட்டுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; பொட்டாசியம் கொஞ்சம் அதோடு போகும். காய் வெந்த தண்ணீரைக் கொட்டினால் என் அம்மா கரண்டியாலேயே அடிப்பார். முதல் வாரம் எனக்குக் கையே வரவில்லை.

ஒருநாள் தாத்தாவின் மகன் ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். "சோடியம் கம்மியான உப்புங்க அக்கா. அப்பாவுக்கு உப்பில்லாமச் சோறே எறங்கலையாம்." சார்ட்டில் உப்பைக் குறை என்றுதானே இருக்கிறது என்று நானும் ரசத்தில் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் டயட்டீஷியன் அதைப் பார்த்துப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். பொட்டாசியம் குளோரைடு! சோடியத்தை எடுத்த இடத்தில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கிட்னி நன்றாக இருந்தால் வெளியேற்றிவிடும். இவருக்கு ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நல்லவேளை, அளவு எல்லைக்குள்தான் இருந்தது.

இப்போது உறவினர்கள் எது கொண்டுவந்தாலும் முதலில் பின்பக்கத்தைப் படிக்கிறேன். தாத்தாவுக்குச் சீரகமும் மிளகும் வறுத்துப் பொடித்து, எலுமிச்சை நாலு சொட்டு. நேற்று தட்டை நீட்டியபோது, "பரவால்லீங்க, நாக்குக்குக் கொஞ்சம் வெளங்குது" என்றார்.

உப்பு மட்டும் இன்னும் கேட்கிறார்.