தாண்டியிலிருந்து 365 கிலோமீட்டர்

செப்டம்பர் 9, சங்ககிரி

லடாக்கில் இருக்கும் பையனைப் பார்க்க நாளை விடியற்காலையில் வண்டியில் புறப்படுகிறோம். துணிமணிகளையும் பையனுக்கான முறுக்கு டப்பாவையும் மனைவி கட்டி முடித்துவிட்டாள். என் பங்குக்கு நான் எடுத்து வைத்தவை இரண்டு புது டீசல் ஃபில்டர்கள், தேவையான ஸ்பேனர்கள், தண்ணீரைத் தடுத்து டீசலை மட்டும் இறங்கவிடும் வலைப் புனல், இருபது லிட்டர் இரும்புக் கேன், ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி பாட்டில், ஒரு பொட்டலம் கேசரிப் பொடி. பொடி எதற்கு என்று கேட்டாள். பாட்டிலில் பிடித்த டீசலில் ஒரு சிட்டிகை போட்டால் டீசலில் அது கரையாது என்றும், அடியில் தண்ணீர் இருந்தால் அந்தத் தண்ணீர் மட்டும் செந்நிறம் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் சொன்னேன்.

அப்பா லாரி ஓட்டிய காலத்தில் டீசலை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவார். அந்த எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில், ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் 1,600 பாருக்கும், அதாவது காற்றழுத்தத்தின் சுமார் 1,600 மடங்குக்கும், மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. டீசலைத் தூவும் இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள வெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனே எழுபது மைக்ரான் வரும் என்பதை நினைத்தால், வேட்டித் துணியை நம்பி இந்த வண்டியை மலைக்கு எடுத்துச் செல்ல மனம் வரவில்லை. டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப்புக்கு வேறு எண்ணெய் கிடையாது, ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் கலந்தால் அந்த வழவழப்பு போய் உலோகத்தோடு உலோகம் உரசும்.

செப்டம்பர் 11

நாக்பூரைத் தாண்டிவிட்டோம், பாட்டில் தெளிவாக இருக்கிறது.

செப்டம்பர் 13, இரவு

தூக்கம் வரவில்லை. மாலையில் நான் கண்ணயர்ந்திருந்த அரை மணி நேரத்தில், கொட்டும் மழையில், நெடுஞ்சாலையோரத்தில் இருந்த ஒரு பங்கில் மைத்துனன் நாற்பது லிட்டர் நிரப்பிவிட்டான். விழித்துப் பார்த்தபோது பக்கத்திலேயே ஒரு டேங்கர் லாரி நின்று, குழாயை மாட்டி நிலத்தடித் தொட்டிக்குள் டீசலை இறக்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியில் படிந்து கிடக்கும் வண்டலும் தண்ணீரும் அந்த வேகத்தில் கலங்கி மேலே எழும். அவை மறுபடி படிய நேரமாகும். லாரி இறக்கும் பங்கில் வண்டியை நிறுத்தாதே என்று அவனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அவன் மீது கோபப்பட்டு என்ன பயன்? இரவு முழுவதும் ஓட்டியவன் அவன். ஆனாலும் அந்த நாற்பது லிட்டர் என் தலைக்குள்ளேயே தளும்பிக்கொண்டிருக்கிறது.

பையன் பேசினான். நாங்கள் அங்கே போய்ச் சேர வேண்டிய 21-ஆம் தேதியில் மாற்றமில்லை.

செப்டம்பர் 15, மணாலி

காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன்பே, ஃபில்டரின் அடியில் உள்ள திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி பாட்டிலில் பிடித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது வெளிர் மஞ்சள் டீசலுக்கு அடியில், பாட்டிலைச் சாய்த்த பக்கமெல்லாம் பாதரசம் போல உருண்டது ஒரு முத்து. பொடி இட்டேன். மேலே மிதந்து தயங்கிய துகள்கள் மெல்ல இறங்கின. அடியைத் தொட்டதும் அந்த முத்து குங்குமப்பூ நிறத்துக்கு மாறியது. மைத்துனன் ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டிலைக் கழுவிக் காயவைத்து மூன்று முறை பிடித்தோம். மூன்றாவதில் தண்ணீர் இல்லை. ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் டேங்கின் அடியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை ஃபில்டர் எனக்குச் சொல்லாது.

செப்டம்பர் 16, தாண்டி

அடல் சுரங்கத்தின் ஒன்பது கிலோமீட்டரைக் கடந்து வந்தோம். 2020-இல் அது திறப்பதற்கு முன் ரோஹ்தாங் கணவாய் ஏறித்தான் இங்கே வர வேண்டும். தாண்டி என்னும் இந்த ஊரில், சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடத்துக்கு அருகில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எழுதிய பலகை நிற்கிறது. அதைப் படித்தபோது வயிற்றில் ஏதோ இறங்கியது.

வாடிக்கையாளர் கேட்டால் பங்கில் டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. கேட்டேன், முகம் கோணாமல் காட்டினார்கள். ஜாடியில் டீசலை ஊற்றி, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பநிலையையும் குறித்து, அட்டவணை பார்த்து 15 டிகிரிக்கு மாற்றி, பதிவேட்டு எண்ணோடு ஒப்பிட்டார்கள், சரியாக இருந்தது. மண்ணெண்ணெய் கணிசமாகக் கலந்திருந்தால் இது காட்டிவிடும், ஒரு கரண்டித் தண்ணீரைக் காட்டாது. அதனால் பாட்டிலையும் நீட்டினேன். தெளிவு. டேங்கை விளிம்பு வரை நிரப்பினோம். கேனைப் புனல் வழியாக, சொட்டுச் சொட்டாக, பொறுமையாக நிரப்பினோம்.

குளிருக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துகொள்ளுங்கள் என்று தேநீர்க் கடையில் ஒருவர் அன்போடு சொன்னார். பழைய லாரிக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இந்தப் பம்ப்புக்கு மண்ணெண்ணெயின் வறட்சி ஆகாது.

செப்டம்பர் 17, ஜிஸ்பா

பாராலாச்சா கணவாயில் பனி விழுகிறதாம். வண்டிகளை மேலே விடவில்லை.

செப்டம்பர் 18, ஜிஸ்பா

இன்றும் விடவில்லை. இரவெல்லாம் கடுங்குளிர். டேங்க் நிறைந்திருக்கிறது என்பதே ஒரே ஆறுதல். பாதி காலியான டேங்காக இருந்தால், பகலில் எஞ்சினிலிருந்து திரும்பி வரும் டீசலால் சூடேறி, இரவில் குளிர்ந்து, வெளிக்காற்றை உள்ளே இழுத்து, அந்தக் காற்றின் ஈரம் தகரத்தில் வேர்த்துச் சொட்டும். காசு கொடுத்து வாங்காத தண்ணீர் அப்படித்தான் டேங்குக்குள் வருகிறது. நாள்கணக்கில் அது நின்றால் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து, கறுத்த கோழையாக ஃபில்டரை அடைக்கும். சங்ககிரிப் பட்டறையில் ஆறு மாதம் நின்ற ஒரு வண்டியின் டேங்கிலிருந்து அதைக் கையால் வழித்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள். பையனுக்கு அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை.

செப்டம்பர் 19, பாங்

விடிந்ததும் வழி திறந்தார்கள். கணவாயைக் கடந்து, சர்ச்சுவைக் கடந்து, காட்டா வளைவுகள் இருபத்தொன்றில் பாதி ஏறியபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. ஃபில்டரில் தண்ணீர். ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். இன்னும் ஒரு வளைவு ஏறிவிடலாம் என்ற ஆசைதான் இன்ஜெக்டர்களைத் தின்பது. சரிவான ஏற்றத்தில் டேங்கின் மூலையில் ஒதுங்கிக் கிடந்த அந்த மழை நாளின் தண்ணீர் குழாயின் வாய்க்கு வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பாட்டிலில் விரல் கனத்துக்கு இருந்தது.

ஃபில்டரை மாற்றினோம். புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டலாம் என்றான் மைத்துனன், கூடாது என்றேன். ஊற்றுகிற டீசல் வடிகட்டப்படாமலே சுத்தமான பக்கத்துக்குப் போய்விடக்கூடும். காலியாக மாட்டி, கைப்பம்ப்பை அது இறுகும் வரை அழுத்தினோம். விரல்கள் மரத்துவிட்டன. இரண்டாம் சாவித் திருப்பலில் எஞ்சின் எழுந்தது. அவன் அழுதான், நான் அவன் தோளைத் தொட்டேன்.

இங்கே ஒரு கூடாரக் கடையில் நீலக் கேனில் டீசல் விற்கிறார்கள். புனேயிலிருந்து வந்த இளம் தம்பதியர் வாங்க நின்றார்கள். முதலில் ஒரு பாட்டில் பிடித்துக் காட்டினேன். அரை மணி நேரத்தில் அடியில் துருவும் தண்ணீரும் தனித்தனி வரிகளாகப் படிந்தன. அவர்கள் வண்டியும் புது எஞ்சின்தான். எங்கள் கேனிலிருந்து பத்து லிட்டரைப் புனல் வழியாக ஊற்றிக் கொடுத்தேன். இப்போது எங்களிடம் மிச்சம் பத்து லிட்டர், ஒரே ஒரு புது ஃபில்டர். கொடுத்ததில் வருத்தமில்லை, கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 20, பாங், காலை

எஞ்சினைக் கிளப்பவில்லை. இனி மோரே சமவெளி, 5,328 மீட்டர் உயரத்தில் தாங்லாங் லா கணவாய், பிறகு இறக்கம்தான். பாட்டிலில் டீசல் மங்கலாக இருக்கிறது. வெள்ளை நூல்கள் தெரிகின்றன. மலைக்குக் கீழே நிரப்பிய டீசல் கொஞ்சம் மிச்சம் இருப்பதால், அதிலுள்ள மெழுகு குளிரில் உறைந்திருக்க வேண்டும். சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். நூல்கள் கரைந்துவிட்டன. அடியில் ஏதோ ஒன்று கரையாமல் மின்னுகிறது. அது கண்ணாடியின் குமிழாகவும் இருக்கலாம். பொடி போட்டிருக்கிறேன். கிளப்பட்டுமா மாமா என்று மைத்துனன் சாவியோடு கேட்கிறான். துகள்கள் இன்னும் இறங்கி முடியவில்லை.