எட்டு இலக்கம்

நவம்பர் 3, திங்கள்

அம்மாவின் பரிசோதனை முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 73939133 என்று எழுதினேன். பகா எண். வலது ஓரத்து 3-ஐ அடித்தால் மிச்சம் 7393913. அதுவும் பகா எண். இப்படியே ஒவ்வொன்றாக அடித்து, வெறும் 7 நிற்கும் வரை நடுவில் எங்கேயும் உடையாது. இந்த வகையில் மொத்தமே 83 எண்கள்தான் இருக்கின்றன. அதில் மிகப் பெரியது இது. தினமும் காலண்டர் தாள் கிழிக்கும்போது ஓர் இலக்கம் அடிக்க வேண்டும்.

நவம்பர் 4

7393913. போன் வரவில்லை. இன்றைக்கு வராது என்று தெரியும்.

நவம்பர் 5, புதன்

739391. தூக்கம் வரவில்லை. ஏன் எட்டு இலக்கத்தோடு நின்றுவிட்டது? ஒன்பதாவதாக இரட்டைப்படை எதையும் சேர்க்க முடியாது, 0, 5 இரண்டும் ஆகாது. 1, 3, 7, 9 மட்டும்தான் மிச்சம். இருக்கிற இலக்கங்களைக் கூட்டினால் 38. 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45, இரண்டும் மூன்றால் வகுபட்டுவிடும். சரி, 739391333? 739391339? இரண்டும் பகு எண்கள்தான். எது வகுக்கிறது என்று நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். 7, 11, 13 என்று 97 வரை போய்விட்டேன். ஒன்றும் மசியவில்லை. 97-க்கு முதலாவதில் மீதி 6, அடுத்ததில் 12. வர்க்கமூலம் வரை, அதாவது 27191 வரை தேட வேண்டியிருக்கலாம். நடுவில் அம்மா இருமுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். தூக்கத்தில்தான்.

நவம்பர் 6

73939. இதைக் கையாலேயே சோதித்தேன். 271 வரை உள்ள 58 பகா எண்களாலும் வகுத்தாக வேண்டும். கடைசி வகுத்தலில் ஈவு 272, மீதி 227. மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் முழுக்க நிரம்பிவிட்டது. அம்மா கஞ்சி பாதிதான் குடித்தாள். தையல் போட்ட இடம் அரிக்கிறதாம்.

நவம்பர் 7

காலையில் அடிக்க மறந்துவிட்டேன். மதியம் சோறு வடிக்கும்போது நினைவு வந்து, அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். 7393. கை நடுங்கியது. அண்ணன் போனில், "நல்லதே நினை" என்றான். வேறு என்ன நினைக்கிறேன் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

739. அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "என்னடி, தினம் ஒண்ணு குறையுது?" சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பதிமூணால பாத்தியா? அந்த வாய்ப்பாட்டுலதான் நீ எப்பவும் தடுமாறுவ" என்றாள். இரண்டு பேருமாக வகுத்தோம். 56 தடவை போய் மீதி 11. 17, 19 எல்லாம் அவளே மனக்கணக்காகச் சொன்னாள். 23 வந்ததும் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக, "முப்பத்திரெண்டு... மீதி மூணு. இனி வேண்டாம், இது உடையாது" என்று படுத்துவிட்டாள். அவள் நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து போயிருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

73. அண்ணன் ராத்திரி பஸ்ஸில் கிளம்பிவிட்டான்.